ஒரே வாரத்தில் நான்கு ஹெர்பிஸ்

1999 ஜனவரி. குன்னூர் மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன வைரஸ் ஆய்வகத்துக்குக் குழந்தை மருத்துவர் அப்துல் கையூம் மூச்சு வாங்க ஏறி வந்தபோது, அங்கே வேலை பார்த்த மஜீதாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அவர் வந்தது அவளுடன் வேலை பார்த்த சின்னராஜ் செய்த பரிசோதனையைப் பற்றிப் புகார் சொல்ல.

"காய்ச்சலும் வலிப்புமா வந்த நாலு பிள்ளைங்களோட முதுகுத்தண்டு நீரை அனுப்பினேனுங்க. நாலுலயும் மூளையைத் தாக்கற ஹெர்பிஸ் வைரஸ்னு ரிப்போர்ட் வந்திருக்குது. வருசத்துக்கு ஒண்ணு வந்தாலே அதிகம். அதுல ஒண்ணு, எஸ்டேட்ல வேலை செய்யற வேலனோட மகளுக்கு ஆறு வயசு. எனக்கென்னவோ அது மூளைக் காசநோயாத் தெரியுது. காசநோய் மருந்து ஈரலைக் கெடுக்கும், இந்த ரிப்போர்ட் இருக்கறப்ப துணிஞ்சு கொடுக்க முடியலீங்க. இந்த ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருந்தா பொண்ணு தங்க மாட்டா."

ஆய்வகத் தலைவர் நஞ்சப்பன் பதறவில்லை. வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு மத்தியானம் வாங்க டாக்டர்."

மஜீதாவுக்கு இங்கே பதினோரு வருட சர்வீஸ். வைரஸ் மரபணுவின் துணுக்கைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் புது இயந்திரம் வந்ததும், அதை நேற்று வந்த சின்னராஜிடம் கொடுத்துவிட்டார்கள். மேல்மாடி சுத்த அறையில் மாதிரிகளைக் கலப்பவன் அவன். நகலெடுத்து முடிந்த குழாய்களைக் கீழறையில் திறந்து முடிவு பார்ப்பது மட்டும் அவள் வேலை. அவளுக்கு வயிறு எரிந்தது. இந்தக் குளிரில் அவன் சுத்த அறை வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே உள்ளே போவான். மெட்ராஸில் பயிற்சி எடுத்த பந்தா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் மேலே ஏறி, அவனுடைய நோட்டைப் புரட்டுவாள். ஒரு தப்பாவது கிடைக்காதா என்ற ஆசைதான். விதிப்படி கீழறைக் கோட்டைக் கழற்றிவிட்டு, மேலறைக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவாள்.

"அவனுக்குக் கையில நிதானம் பத்தலீங்க சார். எங்கயோ சிந்தியிருப்பான்," என்றாள் இப்போது.

நஞ்சப்பன் மேலே ஏறிப் போனார். சுத்த அறையில் எட்டு இடங்களை ஈரப் பஞ்சால் துடைத்து, அந்த ஈரத்தையே இயந்திரத்தில் ஏற்றினார்.

மறுநாள் மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சின்னராஜ் மாதிரியை உறிஞ்சி எடுக்கற பிப்பெட் சுத்தம். மேசை சுத்தம். அவன் நோட்டு அட்டையிலயும், பக்கத்துல மாதிரிகளை நிறுத்தற தட்டுலயும் மட்டும் ஹெர்பிஸ் துணுக்கு இருக்குது. சிந்தியிருந்தா பிப்பெட்டுல இருக்கணும். நோட்டுக்கு எப்படி வரும்? ஒப்பிட்டுப் பார்க்க நாமளே தினமும் ஹெர்பிஸை நகலெடுக்கறோம். அந்த நகல் திறந்து கிடக்கறது கீழறையில மட்டும்தான். சின்னராஜ் கீழ போறதே இல்லை. அங்கிருந்து யாரோ வந்து நோட்டைப் புரட்டியிருக்காங்க."

"கோட்டை மாத்தாம யாரும் மேல போறதில்லீங்களே," என்று மஜீதா முந்திக்கொண்டாள்.

"அந்த விதி மெட்ராஸ்ல எழுதினது. அங்க கோட்டுக்குள்ள ஸ்வெட்டர் கிடையாது. நாம நவம்பர்ல மாட்டினா பிப்ரவரியிலதான் கழட்டறோம். கோட்டை மாத்தறோம், வெளியில நீட்டிட்டு இருக்கற ஸ்வெட்டர் கையை மறந்துடறோம்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மஜீதாக்காவா இருக்காதுங்க சார்," என்றான் சின்னராஜ். "அவங்களுக்கு மேல வேலையே இல்லீங்களே."

மஜீதா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு நீலக் கம்பளி தெரிந்தது. அவன் பரிந்து பேசியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தானுங்க. இவன் பண்ற தப்பைக் கண்டுபிடிக்கணும்னு தினமும் போனேன்."

 நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எடுத்து வச்ச நீர் மிச்சமிருக்குது. திரும்பப் பண்ணுங்க, ரெண்டு பேரும்," என்றார்.

புதுத் தட்டில் சின்னராஜ் கலந்து கொடுத்தான். கீழறையில் காத்திருந்தபோது, அவன் கையில் தப்பு நேர்ந்திருக்கக் கூடாது என்று மஜீதா முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். ஒப்பீட்டுக் குழாயில் மட்டும்தான் வைரஸ் தெரிந்தது. நான்கு பிள்ளைகளிடமும் இல்லை. கையூம் அன்றே வேலனின் மகளுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கினார்.

மூன்று வாரம் கழித்து வேலன் வந்தான். மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாளாம். ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்தைக் காட்டி விசாரித்து, மஜீதாவிடம் வந்து கும்பிட்டான்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

"நானில்லீங்க. அதோ, அவன்," என்று அவள் சின்னராஜைக் காட்டினாள். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் சொன்னாள்.