காய்ந்த தரை

நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையோடு தரையாக அழுத்தி வைத்த பிளாஸ்டிக் தாளில், நட்டநடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆவி பூத்திருந்தது. தரையில் ஈரம் இருந்தால் தாள் முழுக்க வேர்க்கும். இல்லாவிட்டால் ஒரு பொட்டுகூட இருக்காது. இப்படி வாயகலத்துக்கு வட்டமாக, கண்ணாடியில் யாரோ ஹா என்று ஊதிவிட்டுப் போன மாதிரி வேர்த்து அவள் பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. பிறகு மறுபடி பூத்தது.

"தரை மூச்சு விடுது பாப்பா" என்றார் கொத்தனார்.

"தரைக்கு ஏது மூச்சு? நேத்து ஊத்திக்கிட்டது உங்களுக்கு இன்னும் இறங்கல போல."

அவள் அந்த வேலைக்கு மேற்பார்வை. அவளுடைய அப்பாவும் இந்தக் கொத்தனாரும் ஒரே முதலாளியிடம் இருபது வருஷம் தரை போட்டவர்கள். வீட்டில் இவரை மாமா என்பாள், வேலையிடத்தில் கொத்தனாரே என்பாள். இங்கே மாமா என்று கூப்பிட்டால், நான் நாலுகால் பிராணிகளுக்கு உறவுக்காரி என்று தானே தம்பட்டம் அடித்துக்கொண்ட மாதிரி. அவள் கண்ணுக்குத் தரை போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்: முட்டியையும் உள்ளங்கையையும் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, அடுத்தவன் செருப்போடு நடக்கப்போகிற இடத்தைத் தடவித் தடவி வழவழப்பாக்கும் ஜென்மங்கள். அப்பாவின் முட்டி இரண்டும் இப்போது கக்கூசில் உட்காரக்கூட மடங்குவதில்லை. அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. ஒருநாளும் தான் முட்டி போடக்கூடாது என்பதற்காகவே வாங்கிய பட்டம்.

அதைத்தான் முதலாளி காலையில் போனில் பிடித்து உலுக்கினார். "நாளைக்குக் காலைல லேமினேட் பலகை வந்து இறங்குது. அதுக்குள்ள தரை மட்டமாகி, காஞ்சதுன்னு ரிப்போர்ட் வரணும். வரலைன்னா நீயும் உங்கப்பன் மாதிரி கரணையப் புடிச்சுக்கோ. ரத்தத்துல இருக்கறதுதானே."

அப்பன் விட்டுப்போன கடையில் உட்கார்ந்து தொப்பை வளர்த்தவருக்கு ரத்தத்தைப் பற்றிப் பேச வாய் இருந்தது. தரை மாற்றச் சொன்ன வீட்டுக்காரம்மா அதற்கும் மேல்: மரத்தின் படம் ஒட்டிய அட்டையை மரம் என்று நம்பித் தோழிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்த இரண்டு பேருக்காக ஒரு முழுநாள் தாளை ஒட்டிவைத்துக் காத்திருப்பது பைத்தியக்காரத்தனம். தாளை ஒட்டுவதற்கு முன்பே, வரும் வழியில் வண்டியில் உட்கார்ந்தபடியே, ரிப்போர்ட்டில் ஈரம் என்ற கட்டத்தில் "காய்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பிவிட்டாள்.

தாளைப் பிய்த்து எறிந்தாள். மட்டப்பலகையைத் தரையில் கிடத்தச் சொன்னாள். பலகைக்கும் தரைக்கும் நடுவே நாலு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பள்ளம் உருண்டை. அவற்றுக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு பள்ளம், விரல் விரலாக.

"நாலு தடவை நிரப்பிட்டேன். காலைல வந்து பார்த்தா இதே நாலு குழி."

"ஈரத்துல நீங்கதான் முட்டி போட்டிருப்பீங்க."

"ஈரத்துல தடம் விழாம நடக்கற ஆணிச் செருப்பு மாட்டி நின்னுக்கிட்டேதான் இழுத்தேன். எனக்கு முன்னாடி இங்க ஒருத்தன் வேலை பார்த்தான், தெரியுமா? சொல்லாம கொள்ளாமப் போயிட்டான். அவனோட முட்டிப்பட்டை அந்த மூலைல அப்படியே கிடக்கு."

"போயிருப்பான். இதுங்களுக்கு என்னிக்குப் பொறுப்பு இருந்துச்சு."

கொத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கரணையைத் துடைத்தார், ஆணிச் செருப்பைப் பைக்குள் போட்டார். "நான் ஊத்தமாட்டேன். நீயும் அங்க இறங்காத. உங்கப்பன் கேட்டா நான் சொல்லலைன்னு ஆகக்கூடாது."

"போங்க, போங்க. கோழைக்கு ஆணிச் செருப்பு ஒண்ணுதான் குறைச்சல்."

அவர் போனபிறகுதான் அறை எவ்வளவு அடைசல் என்று தெரிந்தது. காற்றும் வெயிலும் பட்டால் கலவை வெடித்துவிடும் என்று எல்லா ஜன்னலையும் சாத்திப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள்; வெளியே உச்சிவெயில் கொளுத்த, உள்ளே தேநீர் வடிகட்டிய துணி நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் கசிந்து, உரித்தெடுத்த பழைய தரையின் சுண்ணாம்பு வாசனையோடும் பிரைமரின் புளித்த வாசனையோடும் கலந்து, அடியில் இன்னொரு வாசனை, நெடுநாள் திறக்காத வாயின் வாசனை, தரையை ஒட்டியே நின்றது. அவள் வாளியில் தண்ணீர் விட்டு, தரையை மட்டமாக்கும் சிமெண்ட் மாவைக் கொட்டி மிஷினால் கலக்கினாள். மிஷின் நின்ற பிறகும் எங்கோ ஒரு இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மோட்டார். வேறென்ன.

சுவரோரமாக நின்று ஊற்றினாள். கலவை கஞ்சி மாதிரி ஓடி, தானே மட்டம் பார்த்துப் பரவியது. அப்பா ஆயுசுக்கும் முட்டி தேய்த்த வேலையை ஒரு வாளி செய்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடுவே வந்ததும் கலவை நின்றது. நாலு பள்ளங்களையும் தொடாமல், சுற்றி வளைத்துக்கொண்டு, அந்த ஒரு திட்டை மட்டும் தீவாக விட்டுவிட்டு அப்படியே நின்றது.

இருபது நிமிஷத்தில் இறுகிவிடும். கையால் தள்ளித்தான் ஆகவேண்டும்.

கையால். அங்கே போய். முட்டி போட்டு.

யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்துத்தான் மூலைக்குப் போனாள். ஓடிப்போனவனின் முட்டிப்பட்டையை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். கட்டினாள். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் கழற்றியது போல.

கழற்றிவிடலாம் என்று விரல் முடிச்சுக்குப் போனது. நாளைக்கு முதலாளி அந்தத் தொப்பையோடு நின்று, ரத்தத்துல இருக்கறதுதானே என்று சிரிப்பது தெரிந்தது. ஒரே ஒரு தடவை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. தீவுக்குத் தாண்டினாள். குனிந்தாள். வலது முட்டி உருண்டைப் பள்ளத்தில் இறங்கியது. இடது முட்டி. சரியான அளவு. கை ஊன்ற வேறு இடம் இல்லை. விரல் விரலாக இருந்த பள்ளத்தில் விரல் விரலாக.

அதுவும் சரியான அளவு.

இரைச்சல் நின்றது.

கலவை இப்போதுதான் நகர்ந்தது. மணிக்கட்டுக்கு வந்தது. சில்லென்று. எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி வரவில்லை. கத்தலாம். கத்தினால் யாராவது வருவார்கள். வந்தால் பார்ப்பார்கள், இவளை, இந்தக் கோலத்தில். பல்லைக் கடித்தாள். கையை இழுத்தாள்.

அடியிலிருந்து ஒரு உள்ளங்கை அவள் உள்ளங்கையோடு பொருந்தியது. காய்ப்பு ஏறிய கை. இழுக்கவில்லை. பிடித்து ஏறியது.

ஏணியைப் பிடித்து ஏறுவது போல.

பிறகு இருட்டு. பிறகு குரல்கள். மேலே. முகத்துக்கு நேர் மேலே.

"மட்டம்னா இது மட்டம்" என்றார் முதலாளி. ஷூ போட்ட கால் அவள் நெற்றியின் மேல் நின்றது. "ரசமட்டத்துல குமிழி நடுவுல அப்படியே நிக்குது பாருங்க."

"அந்தப் பொண்ணு எங்க?" வீட்டுக்காரம்மாவின் குரல்.

"சொல்லாம கொள்ளாமப் போயிட்டா. போன் எடுக்கல. இதுங்க எவ்வளவு படிச்சாலும் பொறுப்பு வராதும்மா."

சரசரவென்று எதையோ விரித்தார்கள். பிளாஸ்டிக் தாள். பலகைக்கு அடியில் போடுவது. அவளுக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது தெரியும். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சு வந்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

"ஏங்க, இங்க மட்டும் பனி மாதிரி பூக்குதே."

மறுபடி ஊதினாள். மறுபடி.

"ஈரம் இருக்குமோ?"

"சான்ஸே இல்ல." பாக்கெட்டிலிருந்து போன் எடுக்கிற சத்தம். "இதோ பாருங்க, காய்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. படிச்ச பொண்ணு, பொய்யா எழுதுவா? நீ ஆரம்பிப்பா."

யாரோ முட்டி போட்டார்கள். அவளுக்கு மேலேயே. வெறும் முட்டி, பட்டை கட்டாதது. புதிதாக வந்த வேலையாள் என்று யாருக்கும் தோன்றும். ஒரு பலகையைப் பொருத்தித் தட்டினான்.

டக்.

அடுத்ததைப் பொருத்துமுன் குனிந்து, தாளை லேசாகத் தூக்கி, காய்ப்பு ஏறிய உள்ளங்கையால், ஆவி பூத்த இடத்தை மெல்லத் துடைத்தான்.

டக்.

ஊதினாள்.

டக்.