ஜெப அறையில் காணாமல் போன மோதிரம்

காலை பதினொன்றே கால். பெண்கள் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையின் பெரியம்மா நீலப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மோதிரம் இல்லை. வெல்வெட்டில் அது பதிந்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது.

யாரோ ஒருத்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாளில் கல்யாணம். அம்மா இறந்த பிறகு மாப்பிள்ளையை வளர்த்தவர் இந்தப் பெரியம்மாதான். தங்கையின் மோதிரத்தை மருமகளுக்கென்று ஜெபம் பண்ணிக் கொடுக்க வந்திருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அதனால் இல்லத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"நான் யாரையும் குறை சொல்றவ இல்ல," என்று டீச்சர் ஆரம்பித்தபோதே, சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "மேல ஜெபம் முடிஞ்சு எல்லாரும் டீக்கு இறங்கினீங்க. எனக்கு முட்டி வலி, கடைசியா வந்தேன். பெட்டியை மேசையில பைபிள் பக்கத்துல வச்சேன். கதவைச் சாத்தி, வெளிய தாழ்ப்பாளையும் போட்டுட்டுத்தான் இறங்கினேன். அப்புறம் மறந்துட்டு வந்த கண்ணாடியையும் பெட்டியையும் எடுக்கத் திரும்பிப் போறேன், தாழ்ப்பாள் திறந்திருக்கு. உள்ள இருந்து இந்தப் பொண்ணு வெளிய வரா."

அவர் விரல் மணப்பெண்ணைக் காட்டியது.

மணப்பெண்ணுக்கு இல்லத்தில் பன்னு என்று பெயர். பேக்கரியில் வேலை. மாலையில் மிச்சமான பன்களைப் பை நிறையக் கொண்டுவந்து எல்லோரையும் குண்டாக்கியதால் வந்த பட்டம். மாப்பிள்ளை அதே பேக்கரியின் வேன் டிரைவர். பன்னுவின் கை ஒரு காலத்தில் நீண்டது உண்மை. வேலை பார்த்த வீட்டில் வளையல் எடுத்து, சிறைக்குப் போய், அங்கிருந்து நேரே இந்த இல்லத்துக்கு வந்தவள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. டிரைவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாள். அவனும் டீச்சரிடம் சொல்லிவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"நான் எடுக்கல," என்றாள் பன்னு. குரல் எழும்பவில்லை.

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான், "அவ எடுத்திருக்க மாட்டா பெரியம்மா," என்றான். நடுவில் விழுந்த அந்த இடைவெளியைப் பன்னு கவனித்தாள். அவள் முகம் அப்படியே அணைந்தது.

"மோதிரம் கிடைக்கலேன்னா கல்யாணம் இல்ல," என்றார் டீச்சர். "போலீஸுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். பழைய கேஸ் வேற இருக்கு."

இல்லத்தை நடத்தும் அக்கா வெளுத்துப் போனார். போலீஸ் வந்தால் முதலில் யாரைக் கூட்டிப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். கூடத்தின் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"போலீஸ் வரட்டும் டீச்சர். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

"நீ யாரும்மா?"

"எங்க வக்கீல்!" என்று நாலு குரல்கள் ஒன்றாக வந்தன.

இருபத்து நாலு வயது. மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். பட்டம் வாங்கும் முன்பே இல்லம் பட்டம் கொடுத்துவிட்டது. யார் சீப்பை யார் எடுத்தார்கள் என்பது முதல், சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டது யார் என்பது வரை குறுக்கு விசாரணை செய்துவிடுவாள். பன்னு அவள் அறைத்தோழி. கல்யாணத்துக்குப் பிறகு காலியாகப் போகும் கட்டிலைப் பார்த்து நேற்றுக்கூட இருவரும் அழுது சிரித்தார்கள்.

"தாராளமா விசாரி," என்று டீச்சர் தன் கைப்பையை மேசையில் கவிழ்த்தார். "முதல்ல என் பையைப் பாரு. எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல."

கைக்குட்டை, மாத்திரை, சாவிக்கொத்து, சின்னப் பாட்டுப்புத்தகம். மோதிரம் இல்லை. அக்கா தனி அறையில் டீச்சரையும் பன்னுவையும் சோதித்துப் பார்த்தார். இருவரிடமும் இல்லை. டிரைவர் கீழேயே நாற்காலிகளைச் சுமந்துகொண்டிருந்தான். பெண்கள் யாரும் மாடிப்படி பக்கம் போகவில்லை.

வக்கீல் பன்னுவைச் சமையலறை ஓரத்துக்கு இழுத்துப் போனாள்.

"மேல எதுக்குடி போனே?"

"தனியா ஜெபம் பண்ண."

"அவ்வளவு பேரோட பண்ணது பத்தலையா?"

"அது அவங்களுக்காக. இது எனக்காக. எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த வீட்டுல போய் நல்லா இருப்பேனான்னு."

"பெட்டியைத் திறந்தியா?"

"தொடவே இல்ல. அது பக்கத்துல கை வைக்கக்கூட பயம்."

"கதவு எப்படி இருந்துச்சு?"

"சும்மா சாத்தியிருந்துச்சு. தள்ளினேன், திறந்துச்சு. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். அழுகை வந்துச்சு, யாரும் பாக்கக் கூடாதுன்னு."

"வெளிய வரும்போது?"

"டீச்சர் நின்னாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கடி. அதான் எனக்கு இப்ப தாங்கல."

வக்கீல் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "மூக்கைச் சிந்திட்டு வா. கல்யாணப் பொண்ணு மூக்கு தக்காளி மாதிரி இருக்கக் கூடாது."

அடுத்தது அக்கா.

"டீ குடிக்கிறப்போ டீச்சர் உங்ககிட்ட என்ன பேசினாங்கக்கா?"

"நல்லவிதமாத்தான் பேசினாங்க. ஜெப அறைப் பூ அழகா இருக்கு, போகும்போது அப்படியே ஜாடியோட எடுத்துட்டுப் போய்த் தங்கச்சி கல்லறையில வைக்கிறேன், ஜாடியை நாளைக்கே திருப்பித் தர்றேன்னு கேட்டாங்க. எனக்கே கண் கலங்கிடுச்சு. அதுக்குள்ள இப்படி ஆகிடுச்சே, கர்த்தாவே!"

"அது எப்போ? பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ஏன்?"

வக்கீல் டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்றாள். அவர் கோப்பையில் தேநீர் விளிம்பு வரை இருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. வெளிர்நிறப் பட்டுப் புடவையின் தலைப்பு மட்டும் ஈரம்.

"டீ கொட்டிடுச்சா டீச்சர்?"

"ஆமாம்மா. கை தட்டிடுச்சு."

"கறை விழுந்தா பட்டு வீணாகிடும். தண்ணி வச்சுத் துடைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். காய்ஞ்சிடும்."

வக்கீல் மாடிப்படி ஏறினாள். மனசுக்குள் ஏதோ ஒன்று முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் 'இந்தப் பொண்ணு வெளிய வரா' என்ற வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டார்கள். அவளும்தான். அதற்கு முன்னால் டீச்சர் என்னவோ சொன்னார். என்ன அது?

ஜெப அறைக் கதவைத் தொட்டபோது, இந்த இல்லத்துக்கு வந்த முதல் நாள் அவளுக்கு நினைவு வந்தது. அவள் தப்பி வந்த இடத்தில் அறைக்கதவைத் திறப்பதும் சாத்துவதும் வேறு யாரோ. இங்கே அக்கா அறையைக் காட்டிவிட்டுப் போனதும், அவள் வெளியே வந்து கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இப்போதும் அதேபோல் தடவினாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

உள்ளே மேசை, பைபிள், உயரமான கண்ணாடி ஜாடி, அது நிறைய வெள்ளைப் பூக்கள், கழுத்து வரை அடர்ந்த இலைகள். காலையில் பன்னுவே அடுக்கியவை. ஜாடியின் அடியில், மேசை விரிப்பு ஈரமாக இருந்தது.

வக்கீல் ஜாடியைத் தொடவில்லை. படியின் உச்சியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் மேல வாங்க. டீச்சர், முட்டி வலிக்கும், மெதுவா வாங்க. மோதிரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு."

பெண்கள் தடதடவென்று ஏறினார்கள். டிரைவர் பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். வக்கீல் ஜெப அறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

"டீச்சர், ஒரு சின்ன உதவி. நீங்க இறங்கினப்போ கதவை எப்படிச் சாத்தினீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

"இதுல என்ன இருக்கு?" டீச்சர் முன்னால் வந்தார். கதவைத் திறந்து, மறுபடி இழுத்துச் சாத்தினார். வகுப்பு முடிந்ததும் அறையைப் பூட்டியே பழகிய கை, தானாகவே மேலே போனது.

போன கை அங்கேயே நின்றது.

விரல்கள் மரத்தைத் தடவின. கொஞ்சம் மேலே தேடின. கொஞ்சம் கீழே தேடின. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி 'ஆ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாழ்ப்பாள் இல்லையா டீச்சர்?" என்றாள் வக்கீல் மெதுவாக. "இந்த வீட்டுல எந்தக் கதவுக்கும் வெளிய தாழ்ப்பாள் கிடையாது. உள்ள மட்டும்தான். இங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேரு வெளிய இருந்து பூட்டின அறையில இருந்து வந்தவங்க. அதனால அக்கா முதல் வேலையா தச்சரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டி, ஓட்டையை அடைச்சு, பெயின்ட் அடிச்சுட்டாங்க. கழட்டின இரும்பைப் போட்டு வாங்கினதுதான் கீழ தொங்குற சாப்பாட்டு மணி. புதுசா வர்ற ஒவ்வொருத்தியும் முதல்ல தடவிப் பாக்கறது இந்த இடத்தைத்தான். நீங்க பாக்கல. பாக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வந்ததில்ல."

"ஏதோ... நினைப்புல சொல்லியிருப்பேன்."

"இருக்கலாம். ஆனா அந்தத் தாழ்ப்பாள் மேலதான் இவ திருடின்னு நீங்க சொன்னது நின்னுச்சு. நான் பூட்டினேன், இவ திறந்தா, நடுவுல வேற யாரும் போகலன்னு. தாழ்ப்பாளே இல்லேன்னா, மோதிரத்தோட முதல்ல தனியா இருந்தது யாரு? கடைசியா இறங்கினவங்க."

"என்னைச் சோதிச்சாச்சே!"

"உங்ககிட்ட இல்ல. மோதிரம் இந்த அறையை விட்டு வெளியவே போகல. டீ கொட்டிடுச்சுன்னீங்க. கோப்பை தளும்பத் தளும்ப இருக்கு, வெளிர்ப் பட்டுல ஒரு பொட்டுக் கறை இல்ல. அது வெறும் தண்ணி. அதே தண்ணி மேசை விரிப்புலயும் இருக்கு. பூவைத் தூக்கினப்போ சொட்டினது. கல்லறைக்குப் பூ போதும். ஜாடி எதுக்கு டீச்சர்?"

அவள் கதவைத் திறந்தாள். அக்காவே பூக்களை எடுத்துவிட்டு, ஜாடியைத் தட்டில் கவிழ்த்தார். தண்ணீரோடு 'டிங்' என்று ஒரு சத்தம்.

டிரைவர் குனிந்து மோதிரத்தை எடுத்தான். பெரியம்மாவைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் பெரியம்மா?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்த முதுகு முதல் தடவையாக வளைந்தது. "உன்னை வளர்த்தவடா நான். ஜெயிலுக்குப் போன பொண்ணுன்னு நாலு பேர் உன் முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போனா உன் மனசு மாறிடும்னு நினைச்சேன். அவ மேல போறதைப் பார்த்ததும் வாய் தானா அந்தப் பொய்யைச் சொல்லிடுச்சு. அந்த மோதிரத்தைத் தொலைய விடுவேனா நான்?"

"மோதிரம் தொலையாதுன்னு பார்த்துக்கிட்டீங்க," என்றான் அவன். "அவ தொலைஞ்சா பரவாயில்லேன்னு நினைச்சுட்டீங்க."

பிறகு பன்னுவின் பக்கம் திரும்பி மோதிரத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீயும் யோசிச்சே," என்றாள். "கீழ. எல்லாரும் உன்னைப் பார்த்தப்போ."

பொய் சொல்ல அவனுக்கு வாய்ப்பு இருந்தது. "யோசிச்சேன்," என்றான். "தப்புதான். இனி யோசிக்க மாட்டேன்னு நான் சொன்னா நீ நம்ப வேண்டாம். கூட இருந்து பார்த்துட்டு நம்பு."

பன்னு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ரெண்டு நாள் அதை நீயே பத்திரமா வச்சிரு," என்றாள் கடைசியில். "கோயில்ல வச்சுப் போடு. அதுவரைக்கும் வேன்ல தொலைச்சே, உன்னை அடுப்புல வச்சு ரொட்டி சுட்டுடுவேன்."

பெண்கள் ஓவென்று சிரித்துவிட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்: "ஜெப அறை! ஜெப அறை!"

டீச்சர் தலை நிமிரவில்லை. "என்னைக் கொஞ்சம் தனியா விடுங்க," என்றார்.

எல்லோரும் வெளியேறினார்கள். கடைசியாகப் போன பன்னு வாசலில் நின்றாள்.

"உள்ள தாழ்ப்பாள் இருக்கு பெரியம்மா. வேணும்னா போட்டுக்கோங்க. வெளிய இருந்து யாரும் உங்களைப் பூட்ட மாட்டாங்க."

படி இறங்கும்போது மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுட்டியாடி?" என்று கேட்டாள் வக்கீல்.

"இன்னும் இல்ல. ஆனா அவங்களுக்கும் பசிக்குமில்ல. ஒரு தட்டு சேர்த்து வை."

சாப்பாட்டு மணி அடித்தது. பாதிச் சாப்பாட்டில் மேலே தாழ்ப்பாள் விலகியது. டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையில் அந்தக் கண்ணாடி ஜாடி, உள்ளே புதுத் தண்ணீர், வெள்ளைப் பூக்கள். பன்னுவின் முன்னால் அதை வைத்துவிட்டு, புதிதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை போல நின்றார்.

"நான் எங்கம்மா உட்காரணும்?"

பன்னு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.