நெடுவழி விமானம்

ஆக்லாந்தில் மாலை நான்கு மணிக்குப் பணி முடித்துக் கிளம்பினால், சென்னையில் இறங்கும்போது காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கும். மடிப்புவழி வந்ததிலிருந்து இப்படித்தான். பதினோராயிரம் கிலோமீட்டர் வான்வெளியைப் புடவை மடிப்பதுபோல மடித்து முந்நூறாக்கிவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் வீடு. ஆனால் தூரத்தை மடித்தவர்களால் பொழுதை மடிக்க முடியவில்லை. அங்கே ஒரு பகலை முடித்த கையோடு ரூபாவதி இங்கே இன்னொரு பகலில் கால் வைப்பாள்.

அங்கே பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலி. இங்கே பல்லாவரத்து வீட்டில், பக்கவாதத்தில் படுத்த மாமியார். முன்பு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. மடிப்புவழி திறந்த வாரமே கணவன் ஞானசேகர் அந்த ஆளை நிறுத்திவிட்டான். "அதான் நீ பக்கத்துலயே இருக்கியே!"

அன்று தூக்கக் கலக்கத்தில் மருந்தூசியில் பத்து மடங்கு மருந்தை ஏற்றிவிட்டாள். உடன் வேலை பார்க்கும் செவிலி ஓடிவந்து கையைப் பிடித்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

விமான நிலையத்தில் மடிப்புவழி வாசலுக்குக் கால் போக மறுத்தது. ஓரத்தில் நெடுவழி விமானத்துக்குச் சீட்டு தரும் முகப்பு. வாரம் ஒருமுறை, பழைய முறையில், மடிக்காத தூரம் முழுவதையும் பதினைந்து மணி நேரம் பறக்கும். இதயத்தில் கருவி பொருத்தியவர்களுக்கு மடிப்பு ஒத்துக்கொள்ளாது என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

"கருவி இருக்கிறதா?" என்று முகப்பில் இருந்த பெண் கேட்டாள்.

"இருக்கிறது."

அந்தப் பெண் ரூபாவதியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். சான்று எதுவும் கேட்காமல் சீட்டைக் கொடுத்தாள்.

இருக்கையில் உட்கார்ந்ததும் ஞானசேகர் அழைத்தான். "எங்க இருக்க? அம்மாவுக்கு இன்னும் கஞ்சி குடுக்கல."

"நீங்களே குடுத்துடுங்க. நான் வர நாளைக்கு ஆயிடும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ரொம்ப தூரத்துல இருக்கேங்க," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்தது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கும் கருவியாம்மா?"

"ஆமாங்க."

"எனக்கும் அப்படித்தான்," என்று சிரித்தார். "இந்த விமானத்துல ஒருத்தருக்கும் கிடையாது."

அவர் மேலும் ஏதோ சொன்னார். அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது ஞானசேகர் முகம் வெளுத்துக் கிடந்தான். மாமியாரின் தலை கோணலாக வாரப்பட்டிருந்தது.

"அம்மா தூங்கவே விடல. நீ எப்படி டெய்லி..." என்றான்.

"இனிமே வாரத்துக்கு ஒருவாட்டிதான் வருவேன். நெடுவழியில. மத்த நாளுக்கு ஆள் வைங்க."

அவன் தலையாட்டினான்.

அந்த ஏற்பாடு நன்றாகத்தான் போயிற்று. சான்று கேட்பதில்லை என்ற விஷயம் பரவி, இல்லாத கருவியோடு ஆட்கள் குவிந்தார்கள். வாரம் ஒன்றாக இருந்த நெடுவழி விமானம் தினமும் ஒன்றாகியும் இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் ஞானசேகர் கைபேசியை நீட்டினான். முகமெல்லாம் மலர்ச்சி. விமான நிறுவனத்தின் அறிவிப்பு:

'நெடுவழிக்குப் பயணிகள் தரும் பேராதரவை முன்னிட்டு, கருவி பொருத்தியவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும் புதிய மடிப்பைக் கண்டுபிடித்துள்ளோம். அடுத்த மாதம் முதல் நெடுவழியும் நாற்பதே நிமிடம்!'

"பாத்தியா," என்றான். "இனிமே நீ அவ்வளவு தூரம் அலைய வேணாம்."