சுற்றும் தரைக்குக் கீழே

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரிவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு ஆறி அவலாகிற வரைக்கும் அதைப் படம் பிடிக்கிறார்கள். நல்லா இருக்கிற கட்டடத்தை இடிப்பார்கள். அப்புறம் அதே இடத்தில் நின்று, "ஐயோ, எவ்வளவு அழகான இடம்" என்று மூக்கைச் சிந்துவார்கள்.

காரை விட்டு இறங்கும்போதே கிழவர் இதையெல்லாம் மகளிடம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"அப்பா, உள்ள வந்து இப்படிப் பேசாதீங்க. மரியாதையா கூப்பிட்டிருக்காங்க."

"மரியாதை! சும்மா கூப்பிட்டு வாயைக் கிண்டப் பாக்கறாங்க. எதுலயாச்சும் கையெழுத்து கேட்டா போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

பழைய பொழுதுபோக்குப் பூங்கா அது. அன்றைக்கு விடுமுறை. குதிரை ராட்டினம் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்தது. சின்ன ரயிலின் தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது. பேய் வீட்டின் வாசலில் வாயைப் பிளந்த பொம்மை இன்னும் நின்றது. அந்தப் பேய்க்குக் கண்ணில் பல்பு மாட்டியவரே கிழவர்தான். பேய் என்று யாராவது சொன்னால், எத்தனை வாட் என்று கேட்கிற ஆள்.

குளத்தங்கரையில் உணவகம் இருந்த இடத்தில் இப்போது வெறும் சிமெண்ட் வட்டம். கண்ணாடிச் சுவரையும் கூரையையும் இடித்துத் தள்ளிவிட்டு, பழைய தரையின் மேலேயே சிமெண்டைக் கொட்டி மெழுகியிருந்தார்கள். நடைபாதையின் வெள்ளைக் கோடு ஒரு பக்கம் வட்டத்தில் ஏறி, நடுவே ஓடி, மறுபக்கம் இறங்கிப் போனது. கிழவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"கோடு மட்டும் நேரா போட்டிருக்கான். அதாவது தெரிஞ்சிருக்கே."

பூங்காவில் வேலை பார்த்த பழைய ஆட்களின் நினைவுகளைப் பதிவு செய்ய ஒரு பெண் கையில் போனோடு காத்திருந்தாள்.

"உங்க நினைவுகளைச் சொல்லுங்க தாத்தா."

"தாத்தாவா? நான் உனக்கு எந்த வழியில தாத்தா?"

மகள் முழங்கையால் இடித்தாள். கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

உணவகத்தின் தரை சுற்றும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. குளத்தைப் பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தவர்கள், ஊஞ்சலையும் ரயிலையும் பார்த்து முடித்துத் திரும்பக் குளத்துக்கு வரும்போது தட்டு காலியாகியிருக்கும். அந்தத் தரையைச் சுற்ற வைக்கிற மோட்டாரோடு கீழே குழியில் இருந்தவர் அவர். மேலே பரிமாறியவள் அவர் பெண்டாட்டி. மோட்டார் போடுகிற இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் நடுத் தூணின் ஓரம் அவள் செருப்புக் குதிகாலால் தட்டுவாள். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ஓட விடு. மூன்று தட்டினால் மேலே வா, சாப்பாடு ஆறுது. அவர் திருப்புளியால் தூணில் இரண்டு அடி அடித்தால், வர்றேன் என்று அர்த்தம்.

"எவ்ளோ ரொமான்டிக்!" என்றாள் பதிவுக்காரப் பெண்.

"ஒரு மண்ணும் இல்ல. கத்தினாக் கேக்காது, அவ்ளோதான்."

மகள் சிரிக்கவில்லை. குளத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "அன்னிக்கு அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லையாப்பா?"

முப்பத்தொரு வருடத்தில் அவள் இதைக் கேட்காத வருடம் இல்லை. அவர் பதிலும் மாறியதில்லை.

"இல்ல. திடீர்னு மாரடைப்பு. கூப்பிட ஏது நேரம்?"

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, ஏதோ படிவம் இருப்பதாகச் சொல்லி அந்தப் பெண் ஆபீஸ் பக்கம் கை காட்டினாள்.

"நீங்க போட மாட்டீங்க, நான் போட்டுட்டு வர்றேன். இங்கயே நில்லுங்க. குழிக்குள்ள கிழிக்குள்ள இறங்காதீங்க."

அவள் தலை மறைந்ததுமே கிழவர் காவலாளியைப் பிடித்தார்.

"மூடியைத் திற."

"உள்ள ஒண்ணுமே இல்ல பெரியவரே. மோட்டாரைப் பேத்து எடுத்துட்டுப் போயி பல வருஷமாச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் பாக்கல. என் திருப்புளி ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. எவன் தூக்கிட்டுப் போனான்னு தெரியணும்."

வட்டத்தின் ஓரத்தில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, காவலாளி தன் டார்ச்சைக் கொடுத்தான். அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டான்.

பதினொரு படி. கால் மறக்கவில்லை.

உள்ளே ஈர இரும்பு வாடை. மோட்டார் இருந்த மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. பல்சக்கரங்கள் இல்லை. வயர்கள் இல்லை. தலைக்கு மேல், தரையைத் தாங்கிய உருளைகள் துருவேறி இறுகிக் கிடந்தன.

ஆணியில் திருப்புளி தொங்கியது.

"பரவாயில்லையே" என்று எடுத்தார். விரலில் எண்ணெய் பிசுக்கென்று ஒட்டியது. துருவே இல்லை. இன்று காலையில்தான் யாரோ துடைத்து மாட்டியது போல இருந்தது.

அப்போதுதான் வாடை மாறியது. ஈரமும் இரும்பும் போய், எலுமிச்சை வாசம். பாத்திரம் கழுவுகிற சோப்பு. அவள் கையில் எப்போதும் இருந்த வாசம். படுக்கையிலும் கூட.

கிழவர் அசையவில்லை.

டக். டக். டக்.

தலைக்கு நேர் மேலே, தூணின் ஓரம்.

"யாரது? பாப்பா, நீயா?"

மேலே ஒரு சாண் கனத்துக்குச் சிமெண்ட். அதன் மேல் இடியே விழுந்தாலும் இங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்காது. அது மரக் குதிகாலின் சத்தம்.

டக். டக். டக்.

அன்றைக்கும் இதே மாதிரிதான் இரண்டு முறை கேட்டது. மத்தியானக் கூட்டம் கலைந்து, தரையை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பின்கட்டில் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மட்டும் மேலே மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்: "எங்க வீட்டுக்காரர் கீழ வேலையா பாக்கறார்? அவர் விடற குறட்டையிலதான் இந்தத் தரையே சுத்துது." சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே இறங்கியவர்தான். மூன்று தட்டு கேட்டது. கிடக்கட்டும் என்று விட்டார். மறுபடி மூன்று கேட்டது. சாப்பாடு ஆறினால் ஆறட்டும். துணியை எடுத்துக் கிரீஸைத் துடைத்தார். திருப்புளியைத் தொடவே இல்லை.

மூன்றாம் முறை, மெதுவாக வந்தது.

டக்.

டக்.

இப்போதும் அப்படித்தான் வந்தது. கிழவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொன்று வர வேண்டும். வந்துவிட வேண்டும்.

வரவில்லை.

அன்றும் வரவில்லை. இரண்டு என்றால் ஓட விடு. கோபத்தோடு விசையை இறக்கினார், தரை ஓடியது. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து வந்தபோது, தூண் பக்கம் சாய்ந்து கிடந்த அவள் ஒரு முழுச் சுற்றைச் சுற்றி முடித்திருந்தாள். குளம், ஊஞ்சல், ரயில், மறுபடி குளம். கண் திறந்தபடியே இருந்தது என்றார்கள்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தலைக்கு மேல் ஏதோ முனகியது.

டார்ச்சைத் தூக்கினார். துரு பொடிப்பொடியாக முகத்தில் உதிர்ந்தது.

உருளைகள் சுழன்றன.

மோட்டார் இல்லை. சக்கரம் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய முனகலோடு தரை நகர்ந்தது. அவள் மேலே இருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு தரை போகிறது.

"நிறுத்து!" யாரிடம் கத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "அவ மேல இருக்கா, நிறுத்துங்கடா!"

திருப்புளியை ஓங்கித் தூணில் அடித்தார். ஒன்று. இரண்டு.

"வர்றேன்... இரு... வர்றேன்டி!"

முனகல் நின்றது.

எங்கும் நிசப்தம். எலுமிச்சை வாசம் மட்டும், காதோரம் யாரோ குனிந்தது போல, நெருங்கி வந்தது.

டக்.

ஒன்றே ஒன்று. அன்றைக்கு வராமல் போன மூன்றாவது தட்டு.

பதினொரு படியையும் அவர் எப்படி ஏறினார் என்று தெரியாது. வெளியே நல்ல வெயில். மகள் ஆபீஸிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"யாரைப்பா கூப்பிட்டீங்க? அங்க வரைக்கும் கேட்டுச்சு!"

கிழவர் திருப்புளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மா கூப்பிட்டா."

"இப்பவா?"

"அன்னிக்கு. மூணு தடவை கூப்பிட்டா. கோபத்துல நான் போகல. கடைசி தடவை ரெண்டு தட்டுதான் வந்துச்சு. நான் ஓட விட்டுட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு அப்போ எட்டு வயசுப்பா" என்றாள் மகள். "ஒரு தடவை கூட கூப்பிடாம அம்மா போயிட்டாங்கன்னு சொன்னீங்க. இத்தனை வருஷமா நான் அவங்க மேல கோபமா இருந்தேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கண்கள் சிமெண்ட் வட்டத்தில் விழுந்து, அங்கேயே நின்றன.

"அப்பா... கோடு."

நடைபாதையில் வந்த வெள்ளைக் கோடு வட்டத்தின் விளிம்பில் அறுந்து நின்றது. வட்டத்தில் இருந்த கோடு ஒரு முழம் தள்ளித் தொடங்கியது. மறுபக்கத்திலும் அதே ஒரு முழம்.

கிழவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சவனுக்குக் கண்ணு சரியில்ல."

"வரும்போது நேரா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். வெயிலு கண்ணைக் கூசுச்சு."

திருப்புளியைத் திரும்ப மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். குறுக்கே போனால் பத்து எட்டு. அவரோ ஈரப்புல்லில் இறங்கி, வட்டத்தில் கால் படாமல், சுற்றிக்கொண்டு போனார்.

"ஒருத்தனுக்கும் ஒழுங்கா ஒரு கோடு போடத் தெரியல" என்று முணுமுணுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.