ஐந்தாம் படுக்கையின் பூஜ்ஜியம்

மூச்சு இறங்கியது. எண் இறங்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணி வெயில் ஜன்னல் திரையின் பொத்தல்கள் வழியே தரையில் புள்ளி புள்ளியாய் விழுந்து கிடக்க, ஸ்பிரிட்டும் ரப்பரும் வெந்த துணியும் கலந்த வாடைக்குள், ஆறு படுக்கை கொண்ட தீவிர சிகிச்சை அறையின் மூச்சு இயந்திரங்கள் உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விட்டுக்கொண்டிருக்க, அவள் ஐந்தாம் படுக்கையருகே குந்தி உட்கார்ந்து தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு டப்பா அளவுதான் பெட்டி. நோயாளியின் சிறுநீர்க் குழாயில் கொஞ்சம் உப்புநீர் ஏற்றிவிட்டால், அந்த நீரைப் பிடித்துக்கொண்டே போய் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும். மூச்சை இழுத்தால் எண் ஒன்றிரண்டு ஏறும்; விட்டால் இறங்கும். நான்கு வருடம் இரவல் கம்பியும் இரவல் மேசையுமாக அவள் செய்தது. ஊரில் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியும் வாங்கக்கூடிய விலை. அதனாலேயே ஒருவரும் நம்பவில்லை.

படுத்திருந்தது ஒரு தையல்கார அம்மாள். குடலில் அறுவை முடிந்து மூன்றாம் நாள், மயக்க மருந்தில். எண் இருபதைத் தாண்டினால் சிறுநீரகம் நின்றுவிடும். வயிற்றைத் திறந்து விட்டாக வேண்டும். இப்போது பத்தொன்பது. அடுத்த மூச்சில் இருபத்தொன்று. அதற்கடுத்து இருபத்திரண்டு.

"சிஸ்டர், பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க."

"இப்பதாம்மா சாப்பிட உக்காந்தாரு. போன வாரமும் இப்படித்தான் பறந்த. பாத்தா குழாய் மடிஞ்சு கெடந்துச்சு."

"இப்ப மடியல."

"உன் பெட்டிக்கு வாய் ஜாஸ்தி. உன்னை மாதிரியே," என்றபடி நர்ஸ் போனை எடுத்தாள்.

பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இரண்டு விரலால் வயிற்றை அமுக்கினார். "மெத்துனுதானே இருக்கு?"

"கையால பாத்தா தெரியாது சார். அதுக்குத்தானே பெட்டி."

"முப்பது வருஷக் கைம்மா இது. உங்க வீட்டுல யாரு டாக்டர்?"

"யாருமில்ல. அப்பா மூட்டை தூக்குறாரு. பாரம்னா என்னன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

நர்ஸ் இருமினாள்.

"பெரிய மெஷினும் இதையே சொல்லட்டும், கத்தியை எடுக்கறேன்," என்றார். இதே அழுத்தத்தை அளக்கும் ஆஸ்பத்திரியின் பெரிய மெஷின் பழுதுபார்க்கப் போய் ஒரு மாதம். அது அவருக்கும் தெரியும். "அது வர்ற வரைக்கும் இந்தப் பொம்மையைப் பூஜ்ஜியம் வை. நாலு மணிக்குப் பாக்கலாம்."

பொம்மை. காது மடல் கொதித்தது. பூஜ்ஜியம் வைப்பதென்றால் வெறும் காற்றின் அழுத்தத்தைப் பூஜ்ஜியம் என்று பெட்டிக்குக் காட்டுவது; அதற்கு ஒரு முறை உண்டு: குழாயின் திருகைத் திருப்பி, நோயாளி பக்கத்தை மூடி, பெட்டியை வெறும் காற்றுக்குத் திறந்துவிட்ட பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும். சிவப்பு மையில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டியவளே அவள்தான். ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான். திருகைத் தொடாமலே பொத்தானை அமுக்கினாள்.

பூஜ்ஜியம்.

"பாத்தியா? நல்லாத்தான் இருக்காங்க." அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவள் கண் திருகின்மேல் போனது. அந்த அம்மாளின் இருபத்திரண்டையே பூஜ்ஜியம் என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டாள். ஓடிப்போய் உண்மையைச் சொன்னால் பெட்டியின் கதை அதோடு முடிந்தது. சொல்லாவிட்டால் இந்த அம்மாளின் கதை. முதலில் சரிசெய்வோம். சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவோம்.

திருகைக் காற்றுக்குத் திறந்தாள். இப்போது எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

பூஜ்ஜியம்.

அணைத்துப் போட்டாள். குழாயைக் கழற்றி உதறினாள். பூஜ்ஜியம். வெறும் காற்றும் இந்தப் பெண்ணின் வயிறும் ஒரே அழுத்தமா?

புதுக் குழாய் மாட்டி, பெட்டியை இரண்டாம் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இடுப்பு எலும்பு உடைந்த லாரி டிரைவர். நாளைக்கு வெளி வார்டுக்குப் போகிறவர். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர். அவருடைய சிறுநீர்க் குழாயில் பெட்டியை மாட்டினாள்.

பூஜ்ஜியம்.

"முட்டையா?" டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "காலையிலேர்ந்து கஞ்சித் தண்ணி ஊத்துனா முட்டைதான் வரும், தங்கச்சி." கொஞ்சம் நெளிந்தார். "ஆனா என்னமோ இறுக்குது. பெல்ட் போட்டாப்புல."

அவர் பெல்ட் எதுவும் போட்டிருக்கவில்லை.

அவளுக்குக் காது அடைத்தது. மலையிறங்கும் பேருந்தில் அடைப்பதுபோல, முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. ஜன்னல் திரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது, யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்ததுபோல. மேசையில் நர்ஸ், தலை நிமிராமல், எழுதிக்கொண்டே, இடக்கையால் தன் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். ஒரு கொக்கி. இன்னொன்று.

"சிஸ்டர்..."

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாப் படுக்கைக்கும் ஒரே எண்.

மூச்சு இயந்திரங்கள் இழுத்தன. விடவில்லை. மறுபடி இழுத்தன.

மேசையிலிருந்த போனைப் பிடுங்கிப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள்.

"நாலு மணின்னு சொன்னேன்ல?"

"தப்பு என்னோடது சார். தப்பா பூஜ்ஜியம் வெச்சேன். இருபத்திரண்டு சார். வயித்தைத் திறங்க. இப்பவே."

மறுமுனையில் அவர் மூச்சை இழுத்தார். பதில் சொல்லப்போகிறவரைப்போல. இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

போன் நழுவியது.

கதவுக்கு ஓடினாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. தள்ளினாள். தோளைக் கொடுத்தாள். அசையவில்லை; வெளியேயும் அதே இறுக்கம்.

திரும்பினாள்.

ஐந்தாம் படுக்கையில் போர்வை இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. சுகமாக. இறங்கி, மெத்தையோடு படிந்தது. அடியில் ஆள் இருக்கிற மேடே இல்லை.

அங்கிருந்து இறங்கிய பாரம்போல, மற்ற ஐந்து படுக்கைகளின் போர்வைகளும் ஏறிக்கொண்டிருந்தன.

இரண்டாம் படுக்கையில் போர்வை டிரைவரின் மார்பைத் தாண்டியது. மோவாயைத் தாண்டியது. இழுத்துக் கட்டிய தோல்போல விறைத்து, அவர் முகத்தை முழுக்க மறைத்தது.

"எவ்வளவு காட்டுது, தங்கச்சி?" அதற்குப் பின்னாலிருந்து, இன்னும் சிரிப்பு மாறாத குரல்.

பெட்டியைப் பார்த்தாள்.

பூஜ்ஜியம்.