ஓயாத மரண அறிவித்தல்

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் அப்துல் ரஸாக்கின் கடைக்குள் அழகம்மா வந்து நின்றபோது, வெளியே மழை பிடித்திருந்தது. முந்தானைக்குள்ளிருந்து நனைந்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். மரண அறிவித்தல். பெயர் பழனியாண்டி.

"ஒங்கட வீட்டுக்காரரா? எப்ப மோசம் போனாரு?" என்று கேட்டான் ஜவ்பர். ரஸாக்கின் மச்சான், துப்பு விசாரிக்கும் வேலை என்றால் சோறு வேண்டாத ஆள்.

"சாவலைங்க. தோட்டத்துல எங்க லயத்து வீட்டுலதான் படுத்திருக்காரு. ஆனா இப்புடியே போனா செத்துருவாருங்க."

பழனியாண்டி படுத்திருந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் இறந்ததை யாரோ மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். வீட்டார் அழுதுகொண்டே தெஹியோவிட்டவுக்கு ஓடி, சுமன் என்பவனின் கம்ப்யூட்டர் கடையில் அறிவித்தல் அடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பழனியாண்டி சிரித்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆனால் சுமனின் பிரிண்டர் அதே அறிவித்தலைத் தானாகவே திரும்பத் திரும்ப அடிக்கிறது. குப்பையில் போட்ட தாளொன்றைப் பிள்ளைகள் லயத்துக்குக் கொண்டுவர, பழனியாண்டியின் கண்ணில் பட்டுவிட்டது.

"கூப்புடுறாங்க, போகத்தான் வேணும்னு சுவத்தப் பாத்துப் படுத்துட்டாருங்க மொதலாளி. கஞ்சித் தண்ணிகூட எறங்கல."

ரஸாக் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "அவரயும் த்ரீவீல்ல ஏத்தி சுமன்ட கடைக்குக் கொண்டு வாங்க."

சுமனின் கடைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நெருங்கி நின்றன. பகலிலேயே உள்ளே இருட்டு. பழனியாண்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிரிண்டரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஃபைல அன்னைக்கே அழிச்சிட்டேன் நானா," என்றான் சுமன், ரஸாக்கை அண்ணன் முறை வைத்து. "லயத்துல நான் செய்வினை வச்சதா சொல்றாங்க."

"கைய மேல தூக்குங்க. ஒருத்தரும் ஒண்டையும் தொட வேணாம்," என்றார் ரஸாக்.

காத்திருந்தார்கள். மழை ஓய்ந்த நேரத்தில் பிரிண்டர் தானாக முனகியது. தாளை உள்ளே இழுத்தது. பழனியாண்டியின் பெயர் மெல்ல வெளியே வந்தது. தாள் விழுந்ததும், யாரும் தொடாத டெலிபோன் 'டிங்' என்று ஒருமுறை ஒலித்து அடங்கியது. ஜவ்பர் வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

ரஸாக் அசையவில்லை. "இப்ப ஒரு கலியாணக் கார்ட் அடிங்க." சுமன் அடித்தான். கார்ட் வந்தது, டெலிபோன் பேசாமல் இருந்தது. "நல்லம். அடுத்த மௌத்து அறிவித்தல் வரட்டும்."

தாள் வந்து விழுந்து, டெலிபோன் ஒலித்த கணத்திலேயே ரஸாக் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு ஜவ்பரிடம் நீட்டினார். உள்ளே விட்டுவிட்டு ஒரு கீச்சுச் சத்தம். அதற்கு அப்பால், வெகு தூரத்தில், சிங்களத்தில் ஒரு பெண் குரல்: "ஹலோ... கவுத? கவுத கதாகரன்னே?"

"நானா! யாரு பேசுறதுன்னு ஆரோ கேக்குது!" ஜவ்பரின் கையிலிருந்து ரிசீவர் நழுவியது.

"கேக்கத்தான் செய்யும். சுமன், பிரிண்டருக்கு முன்னால நீங்க என்னத்த வச்சீக்கீங்க?"

"நானே எழுதின ஸ்கிரிப்ட் நானா, ஒரு சின்ன ப்ரோக்ராம். லினக்ஸ் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் வரிசைக்கு எந்த வேலை வந்தாலும் அதுதான் வாங்கி பிரிண்டருக்குக் குடுக்கும். மரண அறிவித்தலா இருந்தா இன்னொரு ப்ரோக்ராமுக்கும் குடுக்கும். அது இதே டெலிபோன் லைன்ல வெளியூர்ச் சொந்தக்காரங்களுக்கு ஃபேக்ஸ் போடும்."

"அதான் கலியாணக் கார்டுக்கு டெலிபோன் அசையல்ல. இந்த அறிவித்தலுக்கு நம்பர் தந்த ஆரு?"

"நாந்தாங்க," என்றாள் அழகம்மா. "கொழும்புல மக வேல செய்ற வீட்டு நம்பரு. எங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்க."

"அந்த வீட்டுல ஃபேக்ஸ் ஈக்கா?"

"அப்புடின்னா என்னங்க?"

ரஸாக் சுமன் பக்கம் திரும்பினார். "பிரிண்டர் வேலைய முடிச்சிட்டுது. ஃபேக்ஸ் தோத்துப் போச்சு. அப்ப ஒங்கட ஸ்கிரிப்ட் வரிசைக்கு என்னத்தச் சொல்லும்?"

சுமனின் முகம் வெளிறியது. "வேல முடியலைன்னு... கொஞ்ச நேரம் கழிச்சு வரிசை அத திரும்ப எடுக்கும்... மொதல்ல இருந்து."

"மொதல்ல இருந்து எண்டா பிரிண்டரும் சேத்துத்தான். நீங்க அழிச்சது ஒங்கட ஃபைல. வரிசை தனக்கொரு பிரதி வச்சீக்குது."

கம்பளிக்குள்ளிருந்து முதன்முறையாகக் குரல் வந்தது. "அப்ப கூப்புட்டது எமன் இல்லீங்களா?"

"ஒங்கட மக வேல செய்ற கொழும்பு வீட்டு நோனா. அவ ஒங்களக் கூப்பிடல்ல. நீங்கதான் அவவப் போட்டுத் தொந்தரவு பண்றீங்க."

சுமன் வரிசையைத் திரையில் கொண்டுவந்தான். நீக்கும் விசையைக் காட்டினான். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரலால் பழனியாண்டியே அதை அழுத்தினார். திரை வெறுமையானது. யாரும் எழுந்து போகவில்லை. மழை மறுபடி பிடித்து மறுபடி விட்டது. பிரிண்டர் முனகவே இல்லை.

அழகம்மா தேத்தண்ணியையும் பணிஸ் ரொட்டியையும் நீட்டினாள். பழனியாண்டி அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, கடைசியாக விழுந்த தாளைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார்.

"என் தம்பி பேர விட்டுட்டீங்களே புள்ள. அவன் கோவிச்சுக்க மாட்டான்?" என்றவர், பணிஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "அடுத்த தடவயாச்சும் ஒழுங்காப் போடுங்க."

அழகம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.