திரைக்கு வெளியே இரண்டு ஜோடி

"ஃபேமிலியா? வாங்க, உள்ள ரூம் இருக்கு."

அந்த ஏமன் நாட்டு உணவகத்தின் சர்வர் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஃபேமிலியா? இவரா? இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!"

"ஒரே குடையில வந்தீங்களேம்மா..."

வந்தார்கள்தான். அதுதானே ஆத்திரமே! பல்கலைக்கழக வாசலில் மழை பிடித்துக்கொண்டதும் எதிரே இருந்த உணவகத்தை நோக்கி அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். "ஒரு நிமிஷங்க..." என்று ஒரு நெட்டை உருவம் குடைக்குள் புகுந்துவிட்டது. அவள் சரி என்று சொல்லவே இல்லை. குடை அவளுடையது, நனைந்த தோளும் அவளுடையது. இது என்ன நியாயம்?

"ஹால்ல உக்கார இடமே இல்லம்மா. மாணவர்கள் கூட்டம். உள்ள ஒரு ரூம்தான் இருக்கு. அங்க தனியா வர்ற ஆம்பளைங்கள விடமாட்டோம்" என்றார் சர்வர்.

"பரவால்லங்க, அவங்க சாப்பிடட்டும்" என்றான் அவன். "நான் மழையிலயே நிக்கறேன். காலையிலேர்ந்து சிவில் லேப்ல கான்கிரீட்ட உடைச்சிட்டிருக்கேன், பசி கண்ண அடைக்குது... இருந்தாலும் பரவால்ல."

"போதும், நடிக்காதீங்க. வந்து தொலைங்க!"

தரையில் மெத்தை விரித்த சின்ன அறை. வாசலில் ஒரு பழுப்புத் திரை. அதற்கு வெளியே அவள் தன் மஞ்சள் செருப்பைக் கழற்றினாள். அவன் சிமெண்ட் தூசி படிந்த தன் ஷூக்களை, படகு படகாக, அதன் பக்கத்திலேயே விட்டான். அவள் முறைத்தாள். அவன் ஷூக்களை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான்.

மற்ற பெண்கள் முதலில் கண்களைப் பார்ப்பார்கள். அவள் பல் மருத்துவப் பயிற்சியில் இருப்பவள், பற்களைத்தான் பார்ப்பாள். மேல் வரிசையில், இடது பக்கம், ஒரு தெத்துப்பல்! பாடப்புத்தகப்படி கம்பி கட்டி உள்ளே தள்ள வேண்டியது. 'வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்...' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. யாரைக் கேட்டுச் சொன்னது அந்தக் குரல்? அதற்கும் கோபம் வந்தது.

ஆவி பறக்கும் சோறும் ஆட்டுக்கறியுமாக, 'மந்தி' என்கிற அந்த ஊர்ச் சாப்பாடு வந்தது. ஒரே ஒரு பெரிய தட்டில்!

"தனித்தனித் தட்டு இல்லையா?"

"இங்க சேர்ந்துதாம்மா சாப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு சர்வர் போய்விட்டார்.

அவள் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டாள். "இது என் பக்கம். அது உங்க பக்கம்."

அவன் தலையாட்டினான். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள்... அவன் பக்கத்திலிருந்து ஒரு கறித்துண்டு மெல்லக் கோட்டைத் தாண்டி வந்தது. அவள் திருப்பித் தள்ளினாள். அது மறுபடியும் வந்தது.

"உங்களுக்கு வேண்டாததையெல்லாம் ஒதுக்க என் பக்கம்தான் கிடைச்சுதா?"

"ஐயோ, அப்படி இல்லங்க..."

"பின்ன? பார்த்தா பட்டினி கிடக்கறவ மாதிரியா தெரியறேன்?"

துண்டு போயிற்று, வந்தது, போயிற்று. ரொட்டி கொண்டுவந்த சர்வர் இந்தப் போரைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எங்க முதலாளி ஊர் வழக்கம்மா. ஒரே தட்டுல உக்காந்தா, இருக்கறதுலயே நல்ல துண்ட எதிர்ல இருக்கறவங்க பக்கம் தள்ளணும். அதுதான் மரியாதை. தம்பி இங்க அடிக்கடி வர்றவர், பழகிட்டார்."

அவள் முகம் சிவந்துபோனது. "அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டாத்தானே டாக்டர்?" என்றான், அவள் மடியிலிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி. தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. போருக்கு நடுவில் கறி ஆறிப்போயிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மழை இல்லை, வெயில் கொளுத்தியது. ஆனாலும் அவளுக்கு அந்தப் பக்கமாகத்தான் பசித்தது. வாசலில் அவன் நின்றிருந்தான்.

"ஹால்ல இடம் இருக்கே?"

"இருக்கு. ஆனா நாற்காலியில உக்காந்தா முதுகு வலிக்குதுங்க. தனியா ரூமுக்குள்ள விடமாட்டாங்க. அதான் வெயிட் பண்றேன்..."

பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா? திட்டிக்கொண்டே உள்ளே போனாள். அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். அவனுக்குச் 'சிமெண்ட்டு' என்று பெயர் வைத்தாள். ஷூக்கள் ஒரு சாண் தள்ளி இருந்தன, அப்புறம் அரை சாண்... அப்புறம் அவள் முறைப்பதையே மறந்துவிட்டாள்.

அப்படி ஒரு நாள்தான் திரை படாரென்று விலகியது. அவளுடைய அண்ணன்! பல்கலைக்கழகப் பேருந்துப் பிரிவில் மேற்பார்வையாளர். பார்சல் வாங்க வந்த இடத்தில், தான் வாங்கித் தந்த மஞ்சள் செருப்பு ஒரு ஆணின் ஷூக்களை ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

"யாரு இவன்?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவள் நாக்கு அதையெல்லாம் விட்டுவிட்டது.

"யாருமில்லண்ணா. இடமில்லன்னு வந்து உக்காந்திருக்கார்."

அவன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "ஆமாங்க. இடமில்லன்னுதான்" என்று அண்ணனிடம் அமைதியாகச் சொன்னான். ஷூவுக்கு முடிச்சுக்கூடப் போடாமல் போய்விட்டான்.

அடுத்த வியாழன் அவன் வாசலில் இல்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. என்ன திமிர்! ஒரே ஒரு வார்த்தை, அதற்கா இவ்வளவு? என்று பொருமினாள். பொருமி முடித்தபின் 'யாருமில்ல' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான்... ஆனால் அவனையே இல்லாமல் ஆக்கிய வார்த்தை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவள், தன் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் கோட்டை விட்டுவிட்டாள்.

வீட்டில் அண்ணன் இன்னும் அடங்கவில்லை. அம்மா அடுக்களையில் பாத்திரங்களை உருட்டி அவருக்குத் தாளம் போட்டாள்.

"நான் ஆசையா வாங்கிக் குடுத்த செருப்பு! அத அங்க பாத்தப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"செருப்பு நீ வாங்கிக் குடுத்ததுதாண்ணா. கால் என்னோடது."

பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் திறந்த வாயை மூடவில்லை.

"கடைவாயில சொத்தை இருக்கு. திங்கக்கிழமை வா, அடைச்சு விடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று வியாழன். மறுபடியும் மழை... அவளைத் தவிர்ப்பதற்காக அவன் சீக்கிரமே வந்து சாப்பிட்டுப் போகிறான் என்று சர்வர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். அவளும் சீக்கிரமே போனாள். ஹாலின் மூலையில், முதுகு வலிக்கும் அதே நாற்காலியில், ஒற்றை ஆள் தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருங்க."

"எனக்கு இங்க இடம் இருக்குங்க" என்றான், நிமிராமலே.

"உங்களுக்கு ரோஷம் இருக்கறது மட்டும்தான் தெரியும். எனக்கு எப்படி இருந்ததுன்னு தெரியுமா? வாசல்ல வந்து வந்து பார்த்தேன்! அன்னிக்கு நான் சொன்னது பச்சைப் பொய். நீங்க யாருமில்லன்னா, நான் எதுக்கு ஒவ்வொரு வியாழனும் பசிக்காமயே வந்து சாப்பிட்டேன்? மன்னிச்சிடுங்க... இல்ல, கோச்சுக்கோங்க. ஆனா ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடாதீங்க. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் நிமிர்ந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவள் பார்த்தது அவன் கண்களைத்தான், முதல் முறையாக.

"போதாது டாக்டர்" என்றான் மெல்ல. "எனக்கு அந்தக் குடையிலேயே பிடிச்சுப் போச்சு. அண்ணன் வந்தா என்ன சொல்வீங்க?"

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்வேன்."

சர்வர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "உள்ள ரூம் காலியாத்தான் இருக்கு. ஆனா... ஃபேமிலிக்குத்தான்மா..."

"ஆமா, ஃபேமிலிதான்!" என்று சீறினாள். "என்ன இப்போ?"

திரைக்கு வெளியே மஞ்சள் செருப்பை, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, அவன் ஷூக்களை ஒட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டு வந்தது. அவள் கோடு போடவில்லை. அவன் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினான். அவள் அவனை முறைத்துக்கொண்டே எடுத்துச் சாப்பிட்டாள்.